எதிர்த் திசையில் ஒருத்தி

1995ல் ஹெல்பிங்கும் மோல்னாரும் மனித நடையை விசைகளாக எழுதினார்கள். இலக்கு இழுக்கிறது, சுவரும் அந்நியனும் தள்ளுகின்றன. நண்பனின் ஈர்ப்பும் உண்டு, ஆனால் நேரத்தோடு தேய்வதாக. கணினித் திரையில் இப்புள்ளிகள் வாசலில் நெருக்கியடித்து வெளியேறுகையில், மனிதர்கள்தாம் என்று நம்பிவிடுகிறோம்.

1973ல் மான் தீவில் சம்மர்லாண்ட் கேளிக்கைக் கூடம் எரிந்து 50 பேர் மாண்டார்கள். தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் பின்னர் ஆராய்ந்தார் ஜோனதன் ஸைம். பிள்ளைகளைப் பிரிந்திருந்த பெற்றோர் அவர்களைத் தேடிப் போயிருந்தார்கள்.

இந்த ஈர்ப்பு நேரத்தோடு தேயுமா, வளருமா? இதற்கு எந்த எண்ணை இடுவது என்பது கணிதம் மட்டுமல்ல. மனிதனை நாம் என்னவாகக் கருதுகிறோம் என்பது.

திரையில் கூட்டத்துக்கு எதிராக ஓடும் ஒருத்தி பிழையாகத் தெரிகிறாள். அவளைத் திருத்திவிட்டுக் கட்டும் மாடிப்படியில் அவளுக்கு இடமிராது.