வாவிக்குக் கொடுப்பது தர்மமா, கடனா?

அண்மையில் ஒரு ஞாயிறு, வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் காலைத் திருப்பலி முடிந்தபின், கோவில் முற்றத்து மரநிழலில் நாலைந்து பேர் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தோம். மட்டக்களப்பு வாவியைத் துப்புரவாக்கவும், கண்டல் நடவும், குறைந்துபோன மீன்வளத்தை மீட்கவும் அரசாங்கப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை பற்றியே பேச்சு. வீச்சு வலையோடு ஒரு வாழ்நாளையே வாவியில் கழித்த பெரியவர் ஒருவர் சிரித்தபடி, "சுவாமி, மீனுக்குக் காசு குடுக்க வேணுமாம். அதைப் பிடிச்சிச் சீவிக்கிற எங்கட வீட்டு உலையைப் பற்றி ஆராவது கேட்டாங்களா?" என்றார். பக்கத்தில் நின்ற ஆசிரியர், "2022இல் மருந்தில்லாமல் அலைந்ததை மறந்துவிட்டோமா சுவாமி? இந்த நாட்டில் மீனுக்கும் மரத்துக்கும் செலவிட எங்கே இருக்கிறது பணம்?" என்றார்.

அன்று நான் இருவருக்கும் சரியான மறுமொழி சொல்லவில்லை. கேள்விகள் மட்டும் என்னோடு வீடுவரை வந்தன. வாசகர்களே, அவற்றை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது நமது வாவி. எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிப்பதும் அதுவே, இணைப்பதும் அதுவே. மேற்கே வயலும் குளமும் கடந்து வரும் ஆற்று நீர் அதில் வந்து சேருகிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்கள் வழியே கடல் அதற்குள் மூச்சு விடுகிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் வாவிக்குள் வந்து, கண்டல் வேர்களின் இடுக்கிலே ஒளிந்து வளரும். விலாங்கோ நன்னீரில் வளர்ந்து, இனம்பெருக்கக் கடலுக்குப் போகும். ஆறு, வாவி, கடல் என்ற மூன்றில் எந்தக் கதவை அடைத்தாலும் இந்தக் குடும்பம் குலைந்துவிடும்.

அந்தக் கதவுகளை அடைத்தவர் யார்? போர்க்காலத்தில் பாதுகாப்பின் பெயரால் கரையோரக் கண்டல் வெட்டப்பட்டது. இறால் பண்ணைக்காகவும் வெட்டப்பட்டது. பட்டினத்துக் கழிவுநீரும் குப்பையும் வாவியைத் தேடி வந்தன. வயலுக்கு இட்ட உரமும் தெளித்த நஞ்சும் மழையோடு இறங்கி வந்தன. கரையை மண்ணிட்டு நிரப்பி, வேலியை ஒவ்வொரு முழமாக நகர்த்தியவர்களும் உண்டு. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை இரவில் விரித்தவர்களும் உண்டு. இவர்களில் சிலர் நமக்கு அந்நியர். சிலர் நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து திருப்பலி காண்பவர்கள்.

இனி ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். ஏழை நாட்டில் மருந்தும் அரிசியும் முதலில் வரவேண்டும் என்பதை யார் மறுப்பார்? வாவிக்குக் கொடுக்கும் பணம் ஒரு தர்மம் என்றால் அவர் சொல்வதே சரி. தர்மத்தில் வரிசை உண்டு. பசித்த மனிதன் முதலில், மற்றவை பிறகு. ஆனால் அது தர்மந்தானா?

எரிக்கோவில் அத்திமரத்தில் ஏறிய சக்கேயுவை நாம் எல்லோரும் அறிவோம். அவன் வரி வசூலித்தவன். பொதுப்பணத்தில் கைவைத்துப் பழகியவன். ஆண்டவர் அவன் வீட்டில் கால்வைத்த அன்று அவன் இரண்டு காரியங்களைச் சொன்னான். தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். எவரிடமிருந்தாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். முன்னது தர்மம்; பின்னது கடன். அவன் இரண்டையும் கலக்கவில்லை. ஏழைகளுக்குப் பாதியைக் கொடுத்தேன், ஆகவே ஏமாற்றப்பட்டவனுக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை என்று கணக்குத் தீர்க்கவில்லை.

குருமடத்து ஒழுக்கவியல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த பழைய பாடமும் இதுதான். திருடியவன் பாவசங்கீர்த்தனம் செய்து மனம் வருந்தினால் மட்டும் போதாது. திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பொருள் கையில் இல்லாவிட்டால் அதன் பெறுமதியையாவது கொடுக்க வேண்டும். வாவியிடமிருந்து நாம் எடுத்தது உண்மை. ஆகவே வாவிக்கென்று ஒதுக்கப்படும் பணம், மிஞ்சியிருந்தால் கொடுக்கும் தர்மம் அல்ல. கொடுத்தே தீரவேண்டிய கடன். கடனைத் தவணையாகக் கொடுக்கலாம். கஷ்ட காலத்தில் தவணையைச் சிறிதாக்கலாம். கடனே இல்லை என்று மட்டும் சொல்லக்கூடாது.

ஏன் பொதுப்பணம்? கரையை நிரப்பியவனையும் கழிவைக் கொட்டியவனையும் பிடித்துக் கட்டச் சொல்வதுதானே நியாயம்? ஆம், ஆள் தெரிந்த இடத்தில் அதுவே நியாயம். அங்கே அரசாங்கம் முகம் பார்க்கக்கூடாது. ஆனால் போரில் போன கண்டலுக்கும், ஆயிரம் வயல்களிலிருந்தும் பல்லாயிரம் வீடுகளிலிருந்தும் துளித்துளியாகச் சேர்ந்த அழுக்கிற்கும் எந்த ஒருவனைப் பிடிப்பது? எல்லோரும் சேர்ந்து செய்த கேட்டை எல்லோருடைய பணப்பையிலிருந்துதான் ஈடுசெய்ய முடியும். அந்தப் பணப்பைக்கு அரசாங்கத் திறைசேரி என்று பெயர்.

கடன் என்று ஒத்துக்கொண்டால், அதைத் தீர்க்கும் முறையும் நேர்மையாக இருக்க வேண்டும். மூன்று காரியங்களைச் சொல்லலாம்.

ஒன்று, எடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு கையால் திருடிக்கொண்டு மறு கையால் திருப்பிக் கொடுப்பவனை யார் நம்புவார்கள்? கழிவு விழும் வாய்க்காலை அடைக்காமல் வாவிக்குள் மீன்குஞ்சுகளை விட்டுப் படமெடுப்பது இத்தகையதே.

இரண்டு, எடுத்ததையே திருப்பிக் கொடுக்க வேண்டும். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, குளங்களில் பெருகி ஏழைகளின் சட்டியை நிரப்பியது. அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆயினும் வேறொரு மீனை விட்டதால் வாவியின் சொந்த மீன்களுக்குரிய கணக்குத் தீர்ந்துவிடாது. கண்டல் நடுகையிலும் இதே தவறு நடந்தது. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு பெரும் ஆர்வத்தோடு நாட்டின் கரையோரமெங்கும் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் 23 இடங்களை ஆராய்ந்தபோது, நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தப்பியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத மண்ணில், பொருந்தாத நீர்மட்டத்தில், பொருந்தாத இனத்தை நட்டார்கள். நட்டபின் பார்க்கப் போகவில்லை. பணம் செலவாயிற்று, கடன் அப்படியே நின்றது.

நீரோட்டத்தை முதலில் சீர்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவின் ஒடிசாவிலுள்ள சிலிகா வாவி சாட்சி. மண் சேர்ந்து கடல்வாய் அடைபட, உப்புக் குறைந்து, களை மண்டி, மீன் அருகியது. அரசாங்க நிதியைக் கொண்டு 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் புதிய கடல்வாய் திறக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 1,700 தொன்னாக இறங்கியிருந்த மீன்பிடி, சில ஆண்டுகளுக்குள் 10,000 தொன்னைத் தாண்டியது. ஆனால் அங்கேயும் இறாலுக்காகச் சட்டவிரோதமாகப் போட்ட அடைப்புகள் பாரம்பரிய மீனவரின் பங்கைத் தின்றன. மீன் திரும்பி வந்தால் போதாது. அது யாருடைய தோணிக்கு வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரியம் இங்கேதான் வருகிறது. கடனை ஏழையின் முதுகில் சுமத்தக்கூடாது. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். மண்ணுக்கு நல்லது என்றார்கள். விளைச்சல் விழுந்தது, விவசாயி அழுதான், அந்த ஆண்டு முடியுமுன்னே தடையை விலக்க வேண்டியதாயிற்று. நல்ல நோக்கம் என்று சொல்லப்பட்டதின் முழுச் செலவும் வயலில் நின்றவன் தலையில் விழுந்தது. வாவி விஷயத்திலும் இந்த ஆபத்து உண்டு. மாரியில் படுவான்கரை வயல்கள் வெள்ளத்தில் மூழ்கும்போது, முகத்துவாரத்தை வெட்டுங்கள் என்று விவசாயி கேட்பான். வெட்டினால் வாவி நீர் வடிந்து, மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று மீனவன் அஞ்சுவான். இருவரும் ஏழைகள், இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எப்போது வெட்டுவது என்பதை இருவரையும் ஒரே மேசையில் இருத்தித் தீர்மானிப்பதும், அதனால் நட்டப்படுபவனுக்குப் பொதுப்பணத்திலிருந்து ஈடு கொடுப்பதும் வாவியை மீட்கும் செலவில் ஒரு பகுதியே. கண்டல் கன்றுக்குப் பணம் உண்டு, ஆறு மாதம் வலையை மடித்து வைக்கச் சொல்லப்பட்ட குடும்பத்துக்குப் பணம் இல்லை என்றால், அந்தத் திட்டம் ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு திருட்டைச் செய்கிறது.

மீனுக்கே நாம் கடன்பட்டிருக்கிறோமா என்று ஒருவர் கேட்கலாம். வழக்குப் பேச மீனுக்கு வாய் இல்லை. நீதி மனிதருக்கிடையே உரியது என்றே பழைய மறைநூல் வல்லுநர்கள் பெரும்பாலும் கற்பித்தார்கள். எனினும் 2015இல் வெளியான "லவுதாத்தோ சி" சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், படைப்புகள் நம் பயனுக்காக மட்டும் இருப்பவையல்ல, இறைவன் முன்னிலையில் அவற்றுக்குத் தமக்கென்றே ஒரு மதிப்பு உண்டு என்று நமக்கு நினைவூட்டினார். இது நமக்குப் புதிதல்ல. மீன் பாடும் தேனாடு என்று நம் மண்ணுக்குப் பெயர். இங்கே பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குருவான அருட்தந்தை லாங், 1950களில் நிலாக்கால இரவில் கல்லடிப் பாலத்தடியில் எழும் அந்த ஒலியைப் பதிவு செய்தார். பின்னர் இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. பாடுவது மீனா, சிப்பியா என்று இன்றும் வாதிடுகிறோம். எதுவாயினும், விலை பேச முடியாத ஒன்றைக் கேட்பதற்கென்றே நம் முன்னோர் தோணியில் போய்த் துடுப்பை நீரில் இறக்கிக் காது வைத்தார்கள். அந்த ஒலி நம்மோடு அடங்கிப்போனால் நம் பேரப்பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்து ஈடுசெய்வோம்?

முற்றத்தில் கேட்ட பெரியவருக்கு இப்போது மறுமொழி சொல்லலாம். ஐயா, மீனுக்குக் கொடுக்கும் காசும் உங்கள் உலைக்குக் கொடுக்கும் காசும் இரண்டல்ல. உங்களைக் கேட்காமல் வாவிக்கென்று எவராவது திட்டம் தீட்டினால், அந்தக் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லும் முதல் உரிமை உங்களுக்கே உண்டு. உங்களோடு நின்று கேட்பது எங்கள் கடமை.

ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. மருந்துக்குப் பணம் கேளுங்கள்; நாங்களும் கேட்போம். ஆனால் வாவியின் கடனை மருந்தின் பெயரால் தள்ளுபடி செய்யவேண்டாம். சக்கேயு இரண்டையும் கொடுத்தான்.

அரசாங்கம் தன் தவணையைக் கட்டுமுன் நம் வீட்டுத் தவணை ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது, கையிலுள்ள குப்பைப் பையை எங்கே போடப்போகிறோம் என்று நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.