கையில் எடுத்த செருப்பு

புதுச்சேரி பாரதி பூங்காவில் அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தபோதே நான் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம்.

வைகாசி வெயில். பூங்கா நடுவே வெள்ளைவெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்தின் முன் கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெஞ்சில் இருந்த நான், "அம்மா, இது கோயில் இல்லைங்க" என்றேன். "அப்படியா தம்பி" என்றார். செருப்பை எடுத்தார். காலில் மாட்டவில்லை. கையில் பிடித்தபடி, சுடுகிற தரையில் வெறுங்காலோடு சட்டமன்றப் பக்கம் நடந்து போய்விட்டார்.

ஏன் மாட்டவில்லை?

ஆயி கதை அந்த ஊரில் பலருக்கும் தெரியும். எனக்கும் எதிலோ படித்த அரைகுறை ஞாபகம். அந்த வழியாக வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் மின்னிய மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது தாசி வீடு என்று யாரோ சொல்ல, இடிக்கச் சொல்லிவிட்டார். நானே இடிக்கிறேன் என்று கெஞ்சிய ஆயி, வீட்டை இடித்து அங்கே குளம் வெட்டினாள். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர்கள், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக எழுப்பியது இந்த மண்டபம்.

கதையில் ராஜாவுக்குப் பெயர் இருக்கிறது, ஆயிக்குப் பெயர் இருக்கிறது. ராஜாவிடம் போய்ச் சொன்னவனுக்கு மட்டும் பெயர் இல்லை. அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவன்தான். அவன் வாயைத் திறக்காவிட்டால் குளம் ஏது, ஊருக்குத் தண்ணீர் ஏது என்றும் கேட்கலாம். வக்கீல் வாதம், எனக்கே ஒட்டவில்லை. என் வார்த்தையால் எந்தக் குளமும் வெட்டப்படவில்லை.

சின்ன வயதில் பாட்டியோடு பஸ்ஸில் போவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கோயில், சர்ச், தர்கா எதையும் விடாமல் கும்பிடுவாள். ஒருநாள் ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்புக் கோபுரத்தையும் கும்பிட்டாள். நான் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். "அது கல்யாண மண்டபம் பாட்டி!" அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு கையை எடுக்குமுன் என் முகத்தைப் பார்ப்பாள். "கோயில்தானே?" நான் தலையாட்டுவதற்குள் பஸ் கோயிலைத் தாண்டியிருக்கும்.

உண்மையைச் சொல்வது நல்லது என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் கேட்காதபோதும் சொல்ல வேண்டுமா என்று சொல்லித்தரவில்லை. கும்பிட்ட கைக்குக் கோயில் எது, மண்டபம் எது என்று தத்துவம் பேசலாம். அது அந்த அம்மாளின் காலுக்குச் செருப்பாகாது.

நான் சொன்னதை நம்பாமல் வெறுங்காலோடு போனாரா? நம்பி, வெட்கத்தில் அவசரமாக நகர்ந்தாரா? வீட்டில் சொன்னபோது மனைவி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "வார் அறுந்திருக்கும்."

இருக்கலாம். அவர் கழற்றி வைத்தபோது வார் சரியாக இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.