திரளும் ஆத்மாவும்

1948 ஜனவரி 31-இல், தில்லியின் தைமாதக் குளிரில், அஹிம்சாமூர்த்தியாகிய காந்தியடிகளின் திருமேனியை ராணுவ வண்டியில் ஏற்றி, முப்படை வீரர்கள் வடம்பிடித்துப் பிர்லா மாளிகையிலிருந்து யமுனைக் கரையிலுள்ள ராஜ்காட்டுக்கு இழுத்துச் சென்றபோது, மரக்கிளைகளிலும் விளக்குக் கம்பங்களிலும்கூடத் தொற்றிக்கொண்டு தரிசனத்துக்குக் காத்திருந்த லட்சோபலட்சம் ஜனங்கள், ஜாதியும் மதமும் பாராமல் ஒரே துக்கத்தில் ஒன்றியிருந்தனர். அப்போது கரைந்த அகங்காரத்தை வேதாந்திகள் சொல்லும் ஆத்ம ஐக்கியமென்று கொள்ளலாமா? நாலைந்து மாதங்களுக்கு முன், அதே நகரின் வீதிகளில் அண்டை வீட்டாரையே வெட்டி வீழ்த்திய கும்பலும் ‘நான்’ என்பதை மறந்துதான் நின்றது என்று எண்ணும்போது, திரளில் தன்னை இழப்பது வேறு, தன்னை வெல்வது வேறு என்பது புலனாகிறது. அடிகள் நித்தியப் பிரார்த்தனையில் ஓதிவந்த கீதையின் ஸ்திதப்பிரக்ஞ லக்ஷணம் தன்னை வென்றவனையே பேசுகிறது. அந்நிலையை ஒரு பெருங்கூட்டம் நமக்கு நினைவூட்டலாமேயன்றிச் சம்பாதித்துத் தர இயலாது.