காய்ந்த மரம் யாருக்குக் குப்பை?

சிறுவயதிலிருந்தே பெருக்கிப் பழகியவள் நான். உதிர்ந்தது, காய்ந்தது எது கண்ணில் பட்டாலும் கை துடைப்பத்தைத் தேடும். அதனால்தானோ என்னவோ, ஜெர்மனியின் பவேரியக் காடு தேசியப் பூங்காவின் படங்களை முதலில் பார்த்தபோது மனம் பதறியது. மலைச்சரிவு முழுக்கப் பட்டுப்போன ஸ்புரூஸ் மரங்கள். அகற்றுவாரில்லாமல் அப்படியே நின்றன.

1970இல் தொடங்கப்பட்ட, அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா அது. 1983இலும் 1984இலும் புயல் மரங்களைச் சாய்த்தது. உட்பகுதியில் விழுந்தவற்றை அகற்ற வேண்டாமென்று அன்றைய மாநில அமைச்சர் ஹான்ஸ் ஐசன்மான் முடிவெடுத்தார். சாய்ந்த மரங்களில் அரை சென்டிமீட்டர் நீளமே உள்ள பட்டை வண்டு பெருகியது. நலமான மரம் பிசின் சுரந்து வண்டைத் தடுக்கும். திரளாக வந்தால் அதுவும் தோற்கும். பட்டைக்கடியில் புழுக்கள் தின்னத் தின்ன, இலையிலிருந்து வேருக்கு உணவு போகும் வழி அறுபடும். 1990களிலிருந்து பல ஆயிரம் ஹெக்டேர் காடு மடிந்தது. ஊர்மக்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். அவர்களுக்கு அது சொந்த ஊரின் முகம்.

பிறகு வெயில் தரையைத் தொட்டது. நிழலில் காத்திருந்த ஸ்புரூஸ் கன்றுகள் நிமிர்ந்தன. ரோவன் மரங்களும் முளைத்தன. காய்ந்த மரங்களில் பூஞ்சைகளும், அருகிவந்த வேறு வண்டினங்களும், மூன்றுவிரல் மரங்கொத்தியும் இடம்பிடித்தன. அடர்நிழலை நம்பிய சில உயிர்கள் இழப்பைச் சந்தித்ததும் உண்மை.

பீடை, பாழ், மலடு. இந்தச் சொற்களைக் காட்டுக்குச் சூட்டுவது யார்? மரத்தைப் பலகையாகப் பார்க்கும் கண். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். "பிள்ளை பெற்றாயிற்றே, இனி கர்ப்பப்பை எதற்கு? எடுத்துவிடலாம்" என்று அம்மாவிடம் ஒரு மருத்துவர் சொன்னபோது நான் அருகில் இருந்தேன்.

அப்படியானால் எதையும் தொடாமல் இயற்கையின் போக்கில் விடுவதுதான் அறமா? அதற்கும் என்னால் தலையாட்ட முடியவில்லை. அந்த மருத்துவரிடம் போவதற்கு முன்பு, ஆண்டுக்கணக்கில் அம்மாவுக்கு உதிரப்போக்கு இருந்தது. "பொம்பளைக்கு இதெல்லாம் இயல்புதான்" என்றே வீடு சொன்னது. இயற்கை என்ற சொல்லால் பெண்களைச் சகிக்கவைத்த வரலாறு நீண்டது.

பவேரியாவில் விட்டுவிட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை. பல்லாண்டுகளாக உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள், ஓடைநீரைச் சோதித்தார்கள். எல்லையோரப் பட்டையில் மட்டும், வண்டு பிடித்த மரங்களை இன்றும் வெட்டி அகற்றுகிறார்கள். தங்கள் முடிவின் விலையைப் பக்கத்துக் காட்டுக்காரர் கொடுக்கக் கூடாது என்பதற்காக. உடனிருந்து பார்ப்பதும், யாருக்கு வலிக்கும் என்று கேட்பதும் இருந்தால்தான் விட்டுவிடுவது அக்கறையாகும். இல்லையென்றால் அது கைவிடுதல்.

காட்டால் பேச முடியாது. அதைக் கவனித்துத்தான் அறிய வேண்டும். அம்மாவால் பேச முடியும். "இயல்புதான்" என்றவர்களும் "எடுத்துவிடலாம்" என்றவரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அருகில் இருந்த நானும் கேட்கவில்லை.