எல்லாக் கப்பலும் ஒன்றாக விழுந்தால்

ஓடிக்கொண்டிருந்த டீசல் லொறி நடுவழியில் நின்றுபோனால் நான் முதலில் கழற்றுவது எண்ணெய்த் தாங்கியின் மூடியை. மூடியில் ஒரு சின்னக் காற்றுத்துளை இருக்கும். சேறு அதை அடைத்துவிட்டால், எண்ணெய் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் கூடும். பம்பு எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் வராது. மூடியைத் திருகினால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும், லொறி ஓடும். பட்டிப்பொலயில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றுகிற லொறிகள் என் கராஜுக்கு வரும்போது, சாரதிமார் பில்டரைக் குறை சொல்வார்கள், பம்பைக் குறை சொல்வார்கள். சிலர் மட்டும், “நமக்கு நேரம் சரியில்லண்ணே” என்பார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தோடுதான் எனக்கு வழக்கு.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்தால் லெப்டொப்பில் விண்கலம் கட்டுவான். கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கேம். மெக்சிக்கோ நகரத்தில் ஒரு சின்னக் குழு எழுதி, 2011 ஜூனில் முதலில் வெளியிட்டது. குழந்தை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். திரவ எரிபொருள் 9 பங்குக்கு ஒட்சியேற்றி 11 பங்கு என்று கணக்கு வைத்து எரிக்கும் எஞ்சினைப் பார்த்தபிறகு நானும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத் தாங்கிகளிலிருந்து நடுத் தாங்கிக்குக் குழாய் போடவேண்டும். பக்கத்தில் உள்ளது முதலில் காலியாகும், கழன்று விழும், நடுத் தாங்கி நிறைந்தபடியே மேலே போகும். அவனுடைய கப்பலிலோ ஒரு பக்கத் தாங்கி காலியானது, எதிர்ப்பக்கத் தாங்கியில் எண்ணெய் குறையவே இல்லை. பாரம் ஒரு பக்கம் இழுக்க, கப்பல் பம்பரமாய்ச் சுற்றிக் கடலில் விழுந்தது.

“மாமா, இது என்னோட பிழையா, இந்த உலகத்த எழுதுனவங்க பிழையா?”

கராஜில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. டீசல் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதியவன் ஒருவன் உண்டென்றாலும் அவன் பிழைவிட்டான் என்று பில் போட முடியாது. ஆனால் அந்தத் திரைக்குள் இருக்கும் உலகத்தில் எண்ணெய் எந்த வழியாகப் பாயலாம் என்பதை மனிதர்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். எழுதியதை மாற்றியும் இருக்கிறார்கள். 2016 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பில் எரிபொருள் ஓட்ட விதிகளையே திருத்தினார்கள். அதற்கு முந்திய விதியை நம்பிக் கட்டிய கப்பல்கள், அன்றைக்கு ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருந்தவையும் சேர்த்து, புதிய விதிக்குக் கீழே வந்தன. அவற்றில் ஏறியிருந்தவர்களைக் கேட்டா மாற்றினார்கள்?

ஒரு தாங்கி, ஒரு குழாய், ஒரு எஞ்சின் என்று மிகச் சின்னக் கப்பலாகக் கட்டச் சொன்னேன். எண்ணெய் பாய்ந்தது. ஆக, விதி ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தோம். குழாயின் ஒரு முனை தாங்கியில் ஒட்டாமல் இடையிலிருந்த கழற்றியில், பக்கத் தாங்கியைப் பிரித்துவிடும் பாகத்தில், ஒட்டியிருந்தது. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கழற்றி எண்ணெயைக் கடத்தாது. இது இருந்தால் அது இருக்கிறதா, இதை எடுத்தால் அது நிற்கிறதா என்று பார்ப்பதைத் தருக்க நூலார் அன்னுவயம், வெதிரேகம் என்கிறார்கள். கோயில் சைவ சித்தாந்த வகுப்பில் படித்த இரண்டு சொல், எனக்குத் தொழிலில்தான் விளங்கியது.

அவனுக்கு நான் சொன்ன சோதனை இதுதான்: உன் கப்பல் மட்டும் விழுந்தால் நீ கட்டியதைப் பார். எல்லாருடைய கப்பலும் ஒரே திகதியில் விழுந்தால் விதியை எழுதியவரைப் பார்.

சொன்னபிறகு எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. எங்கள் மலையகத் தமிழர் கதையும் அப்படித்தான். 1947 தேர்தலில் வாக்குப்போட்ட தாத்தாமார் 1952இல் வாக்காளர் இடாப்பில் இல்லை. நடுவில் வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 975,000 பேரைத் தாளில் பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிய ஒப்பாரிக் கோச்சியில் அம்மாவின் தங்கச்சி போனார், அம்மா தோட்டத்து லயத்தில் நின்றார். கடைசிவரை அம்மா சொன்னது, “எங்க தலையெழுத்து.”

வினை என்று ஒன்று இல்லை என்று நான் சொல்லவரவில்லை. திருநீறு பூசாமல் கராஜ் கதவைத் திறப்பவனல்ல நான். ஆனால் சித்தாந்தம் சொல்லும் வினை அவரவர் கணக்கு. ஆளுக்கு ஆள் சேர்த்துவைத்த சஞ்சிதம் வேறு, இப்போது அனுபவிக்கும் பிராரத்தம் வேறு. கள்ளனும் நல்லவனும், நேற்றுப் பிறந்த பிள்ளையும் சாகக்கிடந்த கிழவியும் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்ததும், விடுபட்டு நின்றவர்களுக்கு வழி திறந்தது. அத்தனை பேருடைய வினையும் பாராளுமன்றம் கைதூக்கிய நாளில் சேர்ந்து தீர்ந்ததா?

இதை வகுப்பு எடுக்கும் பெரியவரிடமே கேட்டேன். அவர் லேசான ஆளில்லை. “குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். சட்டம் திரிகை மாதிரி. வினை அதன் வழியாக வந்து சேர்ந்தது” என்றார். சரி ஐயா, திரிகை கோணலென்றால் திரிகையைத் திருத்தவேண்டாமா, அதைக் கோணலாக்கியவனுக்கு ஆகாமியம், அதாவது புதுவினை, ஏறாதா என்றேன். ஏறும் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அது போதவில்லை.

பழைய வான் ஒன்றைக் கொண்டுவந்த ஹாமுதுரு, பௌத்த பிக்கு ஒருவர், எண்ணெய்க் குழாயிலிருந்த காற்றை நான் எடுத்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார். பௌத்த நூலான சங்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற பரிவிராசகன் புத்தரிடம் கேட்கிறானாம், மனிதர் படும் இன்பதுன்பமெல்லாம் முன்வினையால்தானா என்று. பித்தம், சிலேத்துமம், வாதம், இவை மூன்றும் கூடுவது, பருவமாற்றம், தன் கவனமின்மை, பிறர் செய்யும் கொடுமை என்று ஏழைச் சொல்லிவிட்டு, எட்டாவதாகத்தான் வினையைச் சொல்கிறார் புத்தர். எல்லாமே முன்வினை என்பவர்கள் தாங்களே கண்டறிந்ததைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்றும் சொல்கிறார். கர்மம் பேசும் இரண்டு சமயத்தவரும் ஒரே மலையில் இருக்கிறோம். இந்த எட்டை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

கும்பிட்டுக்கொண்டே காரணம் தேடுகிறவர்களும் உண்டு. 2021 ஆகஸ்ட் 12இல் ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பிய ஜிஎஸ்எல்வி எஃப்10 ராக்கெட்டின் மேல் கட்டம் எரியவே இல்லை. திரவ ஹைட்ரஜன் தாங்கியின் அழுத்தம் விடும் வால்வில் கசிவு. தாங்கியில் போதிய அழுத்தம் ஏறவில்லை. எஞ்சினுக்கு எரிபொருள் ஒழுங்காகப் போகவில்லை. என் லொறிகளில் துளை அடைபடும், அங்கே மூடவேண்டிய வால்வு கசிந்தது. கிளம்புவதற்கு முன் ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் ஏழுமலையான் காலடியில் வைத்து வணங்குவது அந்த விஞ்ஞானிகளின் வழக்கம். இதைக் கேலிசெய்பவர்கள் உண்டு. எனக்குக் கேலியாகத் தெரியவில்லை. கும்பிட்டவர்கள்தான் பிறகு குழு அமைத்து வால்வைக் கண்டுபிடித்தார்கள். பழியைப் பெருமாளின் மேலும் போடவில்லை, யாருடைய ஜாதகத்தின் மேலும் போடவில்லை. கும்பிடுவது வேறு, காரணம் தேடுவதை நிறுத்துவது வேறு.

போன வெள்ளிக்கிழமை பெரியவர் கராஜுக்கே வந்துவிட்டார், யோசித்துக்கொண்டு வந்த பதிலோடு. “ஒரே வினைப்பயன் உள்ள உயிர்களெல்லாம் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் வந்து பிறந்திருக்கலாமே?” மறுக்க முடியாத பதில்தான். எந்தச் சோதனை வைத்தாலும் பிடிபடாத பதில் என்பதால்தான் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அப்படிப் பார்த்தால் மூடித்துளை அடைபட்ட லொறிகளெல்லாம் என் கராஜுக்கு வருவதும் லொறிகளின் வினை என்றேன். சிரித்தார். அந்த எட்டுக் காரணத்தையும் தாளில் எழுதித் தரச் சொன்னார். வகுப்பில் வாசித்துக் காட்டி மறுக்கப்போகிறாராம்.