ஈகையா, ஈடா?

அழிந்த நீர்நிலையைச் சீராக்கிப் பறவைகளுக்கு மீண்டும் வாழிடம் அமைத்துத் தருவது அறச்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயின், அது எவ்வகை அறம்? இரக்கத்தால் இடும் ஈகையா, நீதியால் தீர்க்கும் கடனா? ஈகையெனில், இயன்றபோது இயன்றதைக் கொடுத்தால் போதும். கடனெனில், எடுத்ததைத் திருப்பியே ஆகவேண்டும்.

சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை எண்ணிப் பார்ப்போம். பல்லாயிரம் ஏக்கர் பரந்து, சுற்றியுள்ள ஏரிகளின் மிகுநீரை ஏற்று, ஒக்கியம் மடுவு வழியாகக் கடல் நோக்கி அனுப்பிய கழிவெளி அது. அதன் பெரும்பகுதி சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் மாநகரின் குப்பைக்கும் இரையாயிற்று. எஞ்சியதில் 317 எக்டேர் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

புனித தோமா அக்குவினா, ஈடுசெய்தலை நீதியின்பாற் படுத்தினார். ஈடு என்பது எடுத்ததற்கு ஒப்பாயிருத்தல் வேண்டும். கரைக்குக் கல் பதித்து, அடியை ஆழத் தோண்டிப் படகு விடுவது சதுப்புநிலத்துக்கு ஈடாகாது. நெடுங்கால் உள்ளான் ஆழமற்ற நீரில் நடந்தே இரை தேடும். நீலத் தாழைக்கோழிக்குக் கோரையும் நாணலுமே மறைவிடம். மழையில் நிரம்புவதும் கோடையில் வற்றிச் சேறாவதும் அந்நிலத்தின் இயல்பு. குப்பையை அகற்றி, நீர்வழிகளைத் திறந்து, அவ்வியல்பு திரும்பப் பொறுத்திருப்பதே மெய்யான ஈடு.

“மனிதனுக்கே வீடில்லை, நாரைக்கு வீடா?” எனச் சிலர் வினவலாம். புறந்தள்ளத்தக்க வினாவன்று. ஆனால், நீருக்குரிய இடத்தைப் பறித்ததன் தண்டனையை முதலில் அனுபவிப்பவர் யார்? செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தாழ்நிலத்தில் குடியமர்த்தப்பட்ட ஏழைகள் மழைதோறும் வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்கின்றனர். அவ்விடத்தை அவர்கள் தாமாகத் தேர்ந்துகொள்ளவில்லை. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய அதே 2015ஆம் ஆண்டில், திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் நிலத்தின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒருங்கே கேட்கப் பணித்தார். எனவே, சதுப்புநிலத்தை மீட்பதன் சுமை ஏழைகளின் தலைமீது விழலாகாது. அதனை அழித்து ஆதாயம் பெற்றவரே முதலில் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். மாநகரின் வசதிகளைத் துய்க்கும் நம்மில் பலருக்கும் அதில் பங்குண்டு.

மனிதருக்குப் பட்ட கடனை அவர் வாசலில் வந்து கேட்பார். பறவையோ வழக்குத் தொடராது. இடம் இழந்தால் ஓசையின்றி மறைந்துவிடும். கேட்க இயலாதவர்க்கு உரியதை, அவர் கேளாமலே கொடுப்பதன்றோ நீதி?