மட்கும் உரிமை

கனடாவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே அலாஸ்கா நோக்கிச் செல்லும் உல்லாசக் கப்பல்களில் வருவோர், பனியாறுகளுக்கு நிகராகக் கண்டு வியப்பன அங்குள்ள பழங்குடி மக்களின் குலமரபுத் தூண்கள். கழுகும் கரடியும் அண்டங்காக்கையும் செஞ்சீடர் மரத்தில் ஒன்றன்மீது ஒன்றாய் எழுந்து நிற்கும்.

ஹைதா மக்கள் வாழ்ந்த ஸ்கங் குவாய் என்னும் தீவூர் 1981இல் உலக மரபுச் சின்னமாயிற்று. ஆயினும் அங்குள்ள தூண்கள் மழையில் நனைந்து, சாய்ந்து, மெல்ல மண்ணாகி வருகின்றன. அதுவே முறை என்பது அம்மக்களின் கொள்கை. கோப்புகளைக் கரையானிடமிருந்து காப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இது எளிதில் செரிக்கவில்லை. கலைச்செல்வத்தைக் கண்ணெதிரே அழியவிடுதல் அறமாகுமா?

ஆனால் ‘காத்தல்’ என்ற பெயரால் நிகழ்ந்ததையும் பார்க்க வேண்டும். உற்றாரை நோய்க்குப் பறிகொடுத்த ஹைஸ்லா குடித்தலைவர் ஒருவர் 1872இல் நாட்டிய தூண், 1929இல் சுவீடனுக்குக் கொண்டுபோகப்பட்டது. அதை உரியவர்கள் திரும்பக் கேட்டபோது, தட்பவெப்பம் சீராக்கப்பட்ட கட்டடத்தில் வைத்துக் காக்க வேண்டுமென்றது ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம். மகன் தந்தைக்கு ஈமக்கடன் செய்யக் கூடாது, உடலைத் தைலத்திலிட்டு வைக்க வேண்டும் என்பது போன்றதன்றோ இது! அருங்காட்சியகத்தார் பேணியிராவிடில் மீட்பதற்கு அத்தூண் எஞ்சியிருப்பதே அரிது என்பதையும் மறுப்பதற்கில்லை.

2006இல் தூண் ஊர் திரும்பியது. அதற்கு முன்பே ஹைஸ்லா சிற்பிகள் அதே வடிவில் புதிய தூணொன்றைச் செதுக்கிச் சுவீடனுக்கு அளித்திருந்தனர்.